பாடிய வாயும் திருத்திய கையும்

கவிதை எவ்வாறு பிறக்கிறது என்னும் வினாவுக்குத் தமிழ்ப் புலவர் நெடுங்காலமாக இருவேறு விடைகளைக் கூறி வந்துள்ளனர். உள்ளத்தில் ஊறியது தானே வாயில் வழிய வேண்டும், தேடிப் பிடித்துக் கோத்த சொல்லில் உயிர் இராது என்பர் ஒரு சாரார். சொல்லைத் தேர்ந்து, ஓசையை நிறுத்துப் பார்த்து, எழுதியதை அழித்து மீண்டும் எழுதினாலன்றிப் பாட்டு நிலைபெறாது என்பர் மற்றொரு சாரார். பாட்டியல் நூல்கள் புலவரை ஆசுகவி, மதுரகவி, சித்திரகவி, வித்தாரகவி என நால்வகைப்படுத்தியபோதே இவ்வேறுபாடு இலக்கணத்தில் இடம் பெற்றுவிட்டது. கேட்ட பொருளைக் கேட்ட யாப்பில் கேட்ட அப்பொழுதே பாடுபவன் ஆசுகவி. எழுத்துகளைச் சக்கரத்திலும் நாகபந்தத்திலும் பிசகாமல் அடைப்பவன் சித்திரகவி. முன்னவன் காலத்தோடு போட்டியிடுகிறான். பின்னவன் காலத்தைத் துணையாகக் கொள்கிறான்.

இப்பழைய வினா மலேசிய மண்ணில், நெகிரி செம்பிலான் போன்ற ரப்பர்த் தோட்ட மாநிலங்களில், புதியதொரு வடிவம் கொண்டது. தோட்டத்து மக்கள் பாடிய பாட்டு 'தானாக வந்தது' என்று பெயர் பெற்றது. ஏடுகளில் அச்சேறிய கதையும் கவிதையும் 'திருத்தி எழுதப்பட்டவை' என்று பெயர் பெற்றன. முன்னதை இலக்கியம் அன்று என்று தள்ளியோர் உண்டு. அதுவே உண்மை இலக்கியம், அதில் கை வைத்தல் ஆகாது என்று போற்றியோரும் உண்டு. தள்ளியோரும் போற்றியோரும் ஒரு கருத்தில் மட்டும் ஒன்றுபட்டனர்: தோட்டத்துப் பாட்டு திருத்தம் காணாதது என்பதே அது. அக்கருத்து எவ்வளவு பொருந்தும் என்பதை வரலாற்றைக் கொண்டு நோக்குதல் வேண்டும்.

தோட்டமும் எழுத்தும்

இன்று சிரம்பான், போர்ட்டிக்சன் என வழங்கும் பகுதிகள் முன்பு சுங்கை ஊஜோங் என்னும் சிற்றரசில் அடங்கியிருந்தன. 1895இல் சுங்கை ஊஜோங்கும் அதனை அடுத்த நாடுகளும் இணைந்து இன்றைய நெகிரி செம்பிலான் உருவாயிற்று. 1896இல் அது கூட்டரசு மலாய் மாநிலங்கள் நான்கனுள் ஒன்றாயிற்று. முதலில் காப்பி பயிரான அம்மண்ணில், காப்பியின் விலை வீழ்ந்தபின் ரப்பர் வேரூன்றியது. லின்சம், சிலியாவ், லாபு, சுவா பெத்தோங், செம்போங், ஜெராம் பாடாங் முதலிய பெயர்கள் அவ்வாறு எழுந்த தோட்டங்களுக்கு உரியவை. அவற்றுட் பல தமிழ்ப்பள்ளிகளின் பெயர்களாக வழங்கி வருகின்றன.

தஞ்சை, திருச்சி, சேலம், வட ஆர்க்காடு, தென் ஆர்க்காடு மாவட்டங்களிலிருந்து மக்கள் இத்தோட்டங்களுக்கு வந்தனர். ஒப்பந்தக் கூலிமுறைக்கு ஆளெடுப்பது 1910இல் நின்றது. கங்காணி வழியாக ஆள் சேர்க்கும் முறை 1938இல் இந்திய அரசு விதித்த தடையோடு முடிவுக்கு வந்தது. வந்தவர்களுள் எழுத்தறிந்தோர் மிகச் சிலர். 1923ஆம் ஆண்டின் தொழிலாளர் சட்டம், பள்ளி வயதுப் பிள்ளைகள் பத்துப் பேர் இருந்தால் தோட்டம் பள்ளி நடத்த வேண்டும் என்று விதித்தது. ஆயினும் பல தோட்டங்களில் அப்பள்ளி ஒரு சிறு கொட்டகையாகவும், ஆசிரியர் கிராணியாகவோ படித்த கங்காணியாகவோ இருந்தனர். ஆகவே இம்மக்களின் முதல் இரண்டு தலைமுறைகளுக்குப் பாட்டே ஏடு, பாட்டே கடிதம், பாட்டே முறையீடு.

அதே காலத்தில் நகரத்துத் தமிழ் எவ்வாறு இருந்தது என்பதையும் பார்த்தல் தகும். யாழ்ப்பாணத்து வண்ணைநகர் சதாசிவ பண்டிதரின் 'சிங்கைநகர் அந்தாதி', 'சித்திர கவிகள்' ஆகியவை 1887இல் சிங்கப்பூரில் அச்சேறின. இந்நிலப் பகுதியில் வெளிவந்த பழைய தமிழ் நூல்களுள் இவை வைத்து எண்ணப்படுவன. மிகுந்த உழைப்பால் அமையும் சித்திரகவி ஒரு முனையில் அச்சேறியது. எழுத்தே அறியாத கூலிப் பெண்ணின் தாலாட்டு மறுமுனையில் காற்றில் கலந்தது. இவ்விரு முனைகளுக்கும் இடையே உள்ள தொலைவைக் கண்டவர், ஒன்றைக் கலை என்றும் மற்றொன்றை இயற்கை என்றும் பிரித்ததில் வியப்பில்லை.

வேலையும் பாட்டும்

தோட்டத்துப் பாட்டின் இயல்பை அறியத் தோட்டத்து வேலையின் இயல்பை அறிதல் வேண்டும். விடியுமுன் பெரட்டுக்குப் போய்ப் பேர் கொடுத்து, தமக்குரிய நிரைக்குச் சென்று மரம் வெட்டுவது பால்மரத் தொழில். வெயில் ஏறுமுன் பால் நன்றாக வடியுமாதலால் விரைவு வேண்டும். ஒவ்வொருவரும் சில நூறு மரங்களைத் தனியே பார்க்க வேண்டும். இவ்வேலையில் கூடிப் பாட இடமில்லை. தனக்குத் தானே முணுமுணுக்கும் தெம்மாங்குக்கே இடமுண்டு. புல் வெட்டும் கூட்டத்தில் நிலை வேறு. அங்கே பலர் வரிசையாக நின்று வேலை செய்தனர். ஒருவர் எடுத்துக் கொடுக்க மற்றவர் தொடர்ந்து பாட அங்கே வழி இருந்தது.

வேலைக்காட்டுக்கு வெளியே வேறு களங்கள் இருந்தன. லயத்து வாசலில் தொட்டிலாட்டும் தாயின் தாலாட்டு, சாவு வீட்டில் பெண்கள் கூடி அழும் ஒப்பாரி, மாரியம்மன் திருவிழாவில் கும்மி, கோலாட்டம் ஆகியவை அக்களங்களில் எழுந்தன. இவற்றுள் எதுவும் ஒருவர் தனியே அமர்ந்து எழுதியதன்று. ஒவ்வொன்றும் கேட்போர் சூழ்ந்திருக்க, கேட்போரும் அடுத்த நொடியில் பாடுவோராக மாறக்கூடிய நிலையில், வாயால் வந்தது.

அவ்வாறு வந்த பாட்டின் அமைப்பைக் கூர்ந்து நோக்கினால் ஓர் உண்மை புலப்படும். தாலாட்டில் குழந்தையை யார் அடித்தார் என்று வினவி, மாமன், அத்தை, பாட்டி என உறவுமுறையை ஒவ்வொன்றாக அடுக்கிச் செல்லும் ஒரு சட்டம் உண்டு. ஒப்பாரியில் இறந்தவரை முறை சொல்லி விளித்து, அவர் இருந்தபோது இருந்த வாழ்வையும் இல்லாதபோது வந்த தாழ்வையும் இணையிணையாக வைக்கும் ஒரு சட்டம் உண்டு. கும்மியில் ஓரடியின் ஈற்றை அடுத்த அடி பற்றிக்கொள்ளும் ஒரு சட்டம் உண்டு. இச்சட்டங்கள் தஞ்சையிலும் சேலத்திலும் பல தலைமுறையாகப் பழகியவை. கடல் கடந்து வந்தபின் சட்டம் மாறவில்லை. அதில் நிரப்பிய பொருள் மாறிற்று. ஆறும் வயலும் இருந்த இடத்தில் கப்பலும் கித்தா மரமும் வந்தன. ஊர்ப் பண்ணையார் இருந்த இடத்தில் கங்காணியும் துரையும் வந்தனர். பழைய உறவுப் பெயர்களுக்கு நடுவே பினாங்கும் பெரட்டும் புகுந்தன.

எனவே, சாவு வீட்டில் ஒரு பெண் அந்நொடியில் பாடினாள் என்பது உண்மை. அவள் பாடியது அந்நொடியில் மட்டும் பிறந்தது என்பது உண்மையன்று. தாயின் மடியிலும், அண்டை வீட்டுத் திண்ணையிலும், முன்பு நடந்த பத்துச் சாவுகளிலும் கேட்டுக் கேட்டுத் தேர்ந்த மொழி அவளிடம் இருந்தது. பொருந்தாத அடியைப் பாடியபோது மற்றப் பெண்கள் அதனை ஏற்று அழவில்லை. அவ்வடி அங்கேயே விழுந்தது. நெஞ்சைத் தொட்ட அடியை மற்றொருத்தி எடுத்துக்கொண்டாள்; அது அடுத்த சாவு வீட்டிலும் ஒலித்தது. பலர் வாயில் பல காலம் நடந்த இத்தேர்வுக்குத் திருத்தம் என்பதன்றி வேறு பெயரில்லை. தாளில் அடித்தல் கோடு விழாத திருத்தம் அது, அவ்வளவே வேறுபாடு.

ஆசுகவியின் ஆயத்தம்

புலவர் மரபிலும் இதுவே நிலை. காளமேகத்தின் ஆசுகவியைப் போற்றும் தமிழர், அவர் கேட்டவுடன் பாடினார் என்பதை மட்டும் நினைவில் வைத்தனர். கேட்குமுன் அவர் எவ்வளவு கற்றிருந்தார் என்பதை நினைப்பதில்லை. 1907இல் சென்னை விக்டோரியா மண்டபத்தில் சதாவதானம் செய்து காட்டிய செய்குத்தம்பிப் பாவலர், அவையில் எழுந்த வினாக்களுக்கு அங்கேயே விடை தந்தார். ஈற்றடி கொடுத்தால் வெண்பா முடித்தார். அந்த ஒரு நாள் நிகழ்ச்சிக்குப் பின்னே பல்லாண்டு யாப்புப் பயிற்சியும் நினைவுப் பயிற்சியும் இருந்தன. வெண்பாவின் தளை செவியில் ஊறிப் போயிருந்தாலன்றி நாவில் அது தடையின்றி வாராது.

மகாவித்துவான் மீனாட்சிசுந்தரம் பிள்ளையைப் பற்றி அவர் மாணாக்கர் உ. வே. சாமிநாதையர் எழுதியுள்ள வரலாறும் இதற்குச் சான்று. பிள்ளையவர்கள் பாடல்களை மனத்திலே அமைத்து வாயாற் சொல்லிக்கொண்டே போவார். மாணாக்கர் ஏட்டில் எழுதுவர். ஆயினும் அவ்வாறு சொல்லிய புராணங்கள் அப்படியே உலகுக்குச் சென்றுவிடவில்லை. அரங்கேற்றம் என்னும் வாயிலைக் கடந்தே சென்றன. கற்றோர் கூடிய அவையில் நூலைப் படித்து, பொருள் கூறி, எழும் ஐயங்களுக்கு விடை தருவதே அரங்கேற்றம். ஆகவே ஆசுகவியிலும் வல்ல ஒரு பெரும்புலவர், தாம் விரைந்து பாடியதை அவையின் முன் நிறுத்திப் பார்க்கும் முறைக்கு உட்பட்டே நூல் செய்தார். சாவு வீட்டில் அழுத பெண்களின் கூட்டமும் ஒருவகையில் அரங்கேற்ற அவையே. அங்கே ஐயம் கேட்பாரில்லை. உடன் அழுவதா, அழாதிருப்பதா என்பதே தீர்ப்பு.

மேலைநாட்டு ஆராய்ச்சியும் இம்முடிவுக்கே வந்தது. ஹோமரின் காவியங்களை ஆராய்ந்த மில்மன் பாரி என்னும் அமெரிக்க அறிஞர், எழுத்தறியாப் பாடகர் நெடுங்கதைகளைப் பாடும் முறையை அறிய 1933 முதல் 1935 வரை யூகோஸ்லாவிய நாட்டில் பாடல்களை ஒலிப்பதிவு செய்தார். அவருடன் பணியாற்றிய ஆல்பர்ட் லார்டு அவ்வாராய்ச்சியை வளர்த்து 1960இல் நூலாக வெளியிட்டார். முன்பு பாடியதையே சொல்லுக்குச் சொல் பாடுவதாகப் பாடகர் கூறினர். பதிவுகளை ஒப்பிட்டபோது ஒவ்வொரு முறையும் பாட்டு வேறுபட்டிருந்தது. வழிவழி வந்த வாய்பாட்டுத் தொடர்களைக் கொண்டு ஒவ்வொரு முறையும் அவர்கள் பாட்டைப் புதிதாகக் கட்டினர். இலங்கைப் பேராசிரியர் க. கைலாசபதி இக்கருத்தைச் சங்கப் பாடல்களுக்குப் பொருத்தித் தமிழ் வீரநிலைக் கவிதை பற்றி ஆங்கிலத்தில் எழுதிய நூல் 1968இல் வெளிவந்தது. அவர் முடிவுகள் அனைத்தையும் தமிழறிஞர் யாவரும் ஏற்றாரல்லர். எனினும் வாய்மொழிப் பாட்டுக்கும் செம்மையான அமைப்பு உண்டு என்பதை அவர் ஆராய்ச்சி தமிழுலகிற்கு உணர்த்தியது.

அண்டை வீட்டாரின் பந்துன்

நெகிரி செம்பிலான் தோட்டங்களைச் சூழ்ந்திருந்த மலாய்க் கம்பங்களிலும் இதனை ஒத்த கலை ஒன்று இருந்தது. மினாங்கபாவ் மரபினர் குடியேறி, தாய்வழி உரிமை போற்றும் அடாட் பெர்பத்தே வழக்கத்தைக் காத்துவரும் நாடு அது. அவர்கள் பழமொழியாலும் பந்துனாலும் பேசுவதில் வல்லவர். பந்துனில் நான்கு அடிகள். முதல் இரண்டு அடி ஓர் இயற்கைக் காட்சியைக் காட்டும்; அதனைப் பெம்பாயாங் என்பர். பின்னிரண்டு அடி கருத்தைச் சொல்லும். அதனை மக்சூட் என்பர். முதலடியும் மூன்றாமடியும், இரண்டாமடியும் நான்காமடியும் ஈற்றொலியால் இயையும்.

திருமணப் பேச்சின்போது இரு வீட்டார் மாறி மாறிப் பந்துன் தொடுப்பர். எதிரி முடித்தவுடன் விடை வரவேண்டும். சிந்திக்க நேரம் இல்லை. ஆயினும் ஈற்றொலியும் இருபாற் பிரிவும் பிசகுவதில்லை. முதலிரண்டு அடிகள் பெரும்பாலும் முன்னோர் தந்த பொதுச் சொத்து. பின்னிரண்டில் பாடுவோன் தன் திறம் காட்டுகிறான். பழைய சட்டத்தில் புதுப்பொருள் என்னும் முறை இங்கும் அதுவே. 2020இல் யுனெஸ்கோ நிறுவனம் பந்துனை உலக மக்களின் பண்பாட்டு மரபுகளுள் ஒன்றாகப் பட்டியலில் சேர்த்தது. தோட்டத்துத் தமிழ்ப் பாட்டுக்கு அத்தகைய பட்டியல் வாய்க்கவில்லை. ஆனால் கலையின் இயல்பில் இரண்டும் ஒரு வயிற்றுப் பிள்ளைகள் போன்றனவே.

ஏடு வந்த பின்னர்

தோட்டப் பள்ளியில் எழுத்துக் கற்ற தலைமுறை தலையெடுத்தபோது, பாட்டு இருந்த இடத்தில் ஏடு வந்தது. 1924இல் கோலாலம்பூரில் தொடங்கிய தமிழ் நேசனும், 1935இல் சிங்கப்பூரில் கோ. சாரங்கபாணி தொடங்கிய தமிழ் முரசும் தோட்டங்கள்தோறும் சென்றன. ஒருவர் படிக்கப் பலர் கேட்பது வழக்கமாயிற்று. கேட்டவருள் சிலர் எழுதவும் விரும்பினர். 1952இல் சாரங்கபாணி தொடங்கி வைத்த தமிழர் திருநாள், பேச்சு, கட்டுரை, கவிதைப் போட்டிகளால் இவ்விருப்பத்தை வளர்த்தது. தமிழ் முரசின் மாணவர் மணிமன்றம் இளைஞர் எழுத்துக்கு இடம் தந்தது.

ஆனால் எழுத விரும்புவது வேறு, எழுதக் கற்பது வேறு. இவ்விடத்தில் குறிப்பிடத்தக்க முயற்சி தமிழ் நேசனில் 1950இல் தொடங்கிய கதை வகுப்பு. சுப. நாராயணனும் பைரோஜி நாராயணனும் அதனை நடத்தினர். சிறுகதை எழுதும் முறையை ஏட்டின் வழியே பாடமாகத் தந்து, பயிற்சி கொடுத்து, எழுதியதை மதிப்பிட்டனர். பட்டணத்துக்கு வர வாய்ப்பில்லாத இளைஞனும் அஞ்சல் வழியே எழுத்துப் பயிற்சி பெறலாம் என்பதை மலாயாவில் அது காட்டியது. நெஞ்சில் பட்டதை எழுதினால் போதும் என்று நினைத்தவர், எழுதியதை மீண்டும் பார்க்க வேண்டும் என்று அங்கே கற்றனர். 1952 முதல் 1957 வரை மலாயாவில் இருந்து தமிழ் நேசனில் பணியாற்றிய கு. அழகிரிசாமியும் இளம் எழுத்தாளருக்கு வழிகாட்டினார். எளிதாக எழுதியது போலத் தோன்றும் கதைகளைத் தந்த அவர், காவடிச்சிந்தையும் கம்பராமாயணத்தையும் பாடம் நோக்கிப் பதிப்பிக்கும் உழைப்பும் உடையவர். எளிமையும் உழைப்பும் ஒருவரிடத்தே கூடி நிற்கக்கூடும் என்பதற்கு அவரே சான்று.

இம்முயற்சிகளால் விளைந்த நன்மை பெரிது. கங்காணியின் அதட்டலும், லயத்தின் இருட்டும், பால்மரக்காட்டின் பனியும் மலேசியத் தமிழ்ச் சிறுகதைக்குள் புகுந்தன. நேர்ந்த இழப்பும் ஒன்று உண்டு. திருத்தம் என்றால் தோட்டத்து மொழியை நீக்கிவிட்டுத் தமிழ்நாட்டு வார இதழ்களின் மொழியைப் பெய்தல் என்று கருதியவர் பலர். மங்கு, காண்டா, பெரட்டு, நிரை, ஆயாக் கொட்டகை முதலிய சொற்கள் நாணத்தக்கவை போல ஒதுக்கப்பட்ட கதைகளும் தோன்றின. பாட்டைத் திருத்திய பெண்கள் கூட்டம் அச்சொற்களை நீக்கவில்லை. அவற்றுக்கு ஏற்ற இடத்தைத் தேடித் தந்தது. அச்சுக்கு எழுதியவருள் பலர் அவ்விடத்தையே மூடினர். பிழை திருத்தத்தில் இல்லை. எதனைத் திருத்துவது என்று அறியாமையில் இருந்தது.

1964இல் தமிழ் முரசில் சி. கமலநாதனின் 'கள்ளப் பார்ட்டுகள்' வெளிவந்தது. அதனோடு மலேசியாவில் புதுக்கவிதை தொடங்கியதாக ஆய்வாளர் கூறுவர். யாப்பில்லாத கவிதையை எதிர்த்தோர், அது உழைக்க மனமில்லாதவர் தேடிய குறுக்குவழி என்றனர். ஆதரித்தோர், உணர்ச்சியின் வேகத்துக்கு யாப்பு தளை என்றனர். இங்கும் பழைய வழக்கே புதுச் சொற்களில் வாதாடப்பட்டது. யாப்பு இருந்தாலும் இல்லாவிட்டாலும், மீண்டும் பார்க்காத கவிதை நிற்பதில்லை என்பதைப் பின்வந்த ஆண்டுகள் இரு சாராருக்கும் காட்டின. அக்காலத்து ஏடுகளில் வந்த மரபுக்கவிதைகளிலும் மறக்கப்பட்டவை மிகுதி; புதுக்கவிதைகளிலும் மறக்கப்பட்டவை மிகுதி.

கனவும் கையெழுத்தும்

தானாக வந்த கவிதைக்கு ஆங்கில இலக்கியத்தில் பெரிதும் எடுத்துக்காட்டப்படுவது கோலரிட்ஜின் 'குப்ளா கான்'. 1797இல் உறக்கத்தில் அப்பாட்டு முழுவதும் தோன்றியதென்றும், விழித்து எழுதும்போது ஒருவர் வந்து இடையிட்டதால் பாட்டு முற்றுப்பெறாமல் நின்றதென்றும் 1816இல் அதனை வெளியிட்டபோது அவர் முன்னுரையில் கூறினார். நூறாண்டுக்கு மேலாக உலகம் அக்கதையை நம்பியது. 1934இல் அப்பாட்டின் கையெழுத்துப்படி ஒன்று வெளிப்பட்டது. அதிலுள்ள பாடமும் அச்சிலுள்ள பாடமும் சில இடங்களில் வேறுபடுகின்றன. கனவு தந்த பாட்டிலும் விழித்த கை வேலை செய்திருக்கிறது. கனவு பொய் என்று இதனால் முடிவு செய்ய வேண்டுவதில்லை. கனவு தொடக்கம் தந்தது. கை முடிவு தந்தது என்பதே பொருந்தும்.

மரம் சொல்லும் பாடம்

இவ்வுண்மையைத் தோட்டத்துத் தொழிலே எடுத்துரைக்கிறது. சிங்கப்பூர்ப் பூமலையின் தலைவராயிருந்த எச். என். ரிட்லி 1890களில் ரப்பர் மரத்தில் பால் எடுக்கும் முறையை ஆராய்ந்தார். ஒவ்வொரு முறையும் புதிய இடத்தில் மரத்தைக் கொத்துவதைவிட, முன்பு வெட்டிய வெட்டின் விளிம்பிலேயே மெல்லிய சீவல் எடுத்து அதனை மீண்டும் திறந்தால் பால் மிகுதியாகச் சுரக்கும் என்பது அவர் காட்டிய உண்மைகளுள் ஒன்று. முதல் வெட்டில் வடியும் பால் குறைவு. அதே வெட்டு மீண்டும் மீண்டும் திறக்கப்படும்போதுதான் மரம் தாராளமாகத் தருகிறது. மலாயாவின் தோட்டங்கள் அனைத்தும் இம்முறையின்மேல் எழுந்தவை.

அம்முறையில் ஓர் எச்சரிக்கையும் அடங்கியுள்ளது. சீவல் மெல்லியதாக இருக்க வேண்டும். கத்தி ஆழமாகப் போனால் பட்டைக்கு உள்ளே இருக்கும் வளர்படலம் காயப்படும். அவ்விடத்தில் முண்டு முடிச்சு எழும். புதுப்பட்டை சீராக வளராது. பிறகு அங்கே வெட்ட இயலாது. பால் வெட்டும் தொழிலாளி நாள்தோறும் அறிந்து நடந்த அளவு இது. எழுத்துக்கும் இவ்வளவே இலக்கணம். திறந்த இடத்தையே மீண்டும் திறப்பது திருத்தம். உயிர்ப்படலம் வரை கத்தியைச் செலுத்துவது சிதைவு. முதலாவதைச் செய்யாதவனுக்குப் பால் குறைவு. இரண்டாவதைச் செய்பவனுக்கு மரமே இல்லை.

இன்று செய்யத்தக்கது

இவ்வாராய்ச்சி பழங்கதை அன்று. 1951 முதல் 1960 வரை மலாயாவில் பெருந்தோட்டங்கள் துண்டாடப்பட்ட வரலாற்றைப் பேராசிரியர் உங்கு அசீஸ் ஆராய்ந்து எழுதினார். அத்துண்டாடலில் பல குடும்பங்கள் வேலையும் லயமும் இழந்தன. பின்னர் ரப்பர் அழிந்து செம்பனை வந்தது. அதன்பின் நீலாய், லாபு, செண்டாயான் பக்கங்களில் தோட்ட நிலம் வீடமைப்புப் பகுதிகளாகவும் தொழிற்பேட்டைகளாகவும் மாறியது. பாட்டைப் பாடியவர் பிரிந்தனர் என்பது மட்டும் அன்று. பாட்டைத் திருத்தியவரும் பிரிந்தனர். கூடி அழுத சாவு வீடு இன்று அடுக்குமாடியின் ஒரு சிறு கூடம். அழ வந்தவர் ஒரே தோட்டத்தவர் அல்லர். ஒருத்தி எடுத்துக் கொடுக்க மற்றவர் ஏற்கும் அவை கலைந்துவிட்டது. அவை கலைந்தபின், கடைசியாகப் பதிவான வடிவமே பாட்டின் நிலையான வடிவமாகிவிடுகிறது.

ஆகவே தொகுப்போர் பொறுப்புப் பெரிது. தமிழ்நாட்டில் பெர்சி மாக்வின் என்னும் ஆங்கில அதிகாரி திரட்டிய நாட்டுப் பாடல்களைக் கி. வா. ஜகந்நாதன் 'மலையருவி' என்னும் பெயரில் பதிப்பிக்க, தஞ்சை சரசுவதி மகால் நூல்நிலையம் 1958இல் வெளியிட்டது. நா. வானமாமலை 1960களில் நாட்டுப் பாடல் தொகுப்புகளை வெளியிட்டார். மலேசியப் பாடல்களை இரா. தண்டாயுதமும் முத்தம்மாள் பழனிசாமியும் தொகுத்தனர். இன்னும் எழுதப்படாத பாடல்கள் முதிய பெண்களின் நினைவில் உள்ளன. அவற்றைக் கேட்டு எழுதுவோர், இலக்கணப் பிழை என்று எண்ணி ஒரு சொல்லையும் மாற்றுதல் தகாது; அது ஆழமாகச் சென்ற கத்தி. ஒருவரிடம் கேட்டது போதும் என்று நிறுத்துதலும் தகாது. அது முதல் வெட்டோடு நின்ற சோம்பல். ஒரே பாட்டை மூவரிடம் கேட்டு மூன்று வடிவத்தையும் எழுதி வைத்தால், எழுத்தறியா மக்கள் தம் பாட்டை எவ்வாறு திருத்தினர் என்பதும் பாட்டோடு சேர்ந்து பிழைக்கும்.

தமிழாசிரியர்க்கும் இதில் ஒரு பாடம் உண்டு. கட்டுரை எழுதத் தொடங்கும் மாணவனுக்கு மாதிரிக் கட்டுரையை மனப்பாடம் செய்யக் கொடுப்பது எளிது. அவ்வாறு எழுதியதில் மாணவன் பாடியது ஒன்றுமில்லை. ஆகவே திருத்துவதற்கும் ஒன்றுமில்லை. மனத்தில் தோன்றியதை எழுதச் சொல்லிவிட்டு, சிவப்பு மையால் பிழை சுழித்துத் திருப்பித் தருவதும் போதாது. முதலில் அவன் தன் வாய்மொழியில் வகுப்பின் முன் சொல்லட்டும். உடன் பயில்வோர் எந்த இடத்தில் சிரித்தனர், எந்த இடத்தில் கவனம் சிதறினர் என்பதை அவனே காணட்டும். பிறகு எழுதட்டும், எழுதியதை மறுநாள் மீண்டும் திறக்கட்டும். தோட்டத்துப் பாட்டி பாடியதும், மகாவித்துவான் அரங்கேற்றியதும், கதை வகுப்பு கற்பித்ததும் இம்முறையே.

எழுத்தறியாப் பெண் ஒருத்தி பாடிய ஒப்பாரி உயர்ந்தது எனின், அது திருத்தப்படாததால் உயர்ந்ததன்று. தன்னோடு அழுதவரின் செவியில் நூறுமுறை உரைத்துப் பார்க்கப்பட்டதால் உயர்ந்தது. அந்தச் செவி இன்று தோட்டத்தில் இல்லை. அதனை வகுப்பறையிலும் படிப்போர் வட்டத்திலும் மீண்டும் உண்டாக்குவது தமிழ் கற்பிப்போர் கையில் இருக்கிறது.